துல்லிய ஒலி வீட்டுக்கு வந்த கதை

நம் குடியிருப்பில் சவுண்ட்பாரோ புளூடூத் ஸ்பீக்கரோ இல்லாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். லிஃப்ட் ஓடாத நாளில் மாலை நேரம் படியேறிப் பாருங்கள், தளத்துக்கு ஒரு இசையமைப்பாளர் உங்களை வரவேற்பார். (சத்தம் பற்றிய புகாருக்கு அலுவலகத்தில் தனி நோட்டு இருக்கிறது, இந்தக் கட்டுரை அதற்கல்ல.) பாடகி மூச்சு இழுப்பதும், ஜால்ராவின் கடைசி அதிர்வு அடங்குவதும் வீட்டுக்குள்ளேயே கேட்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்டோம். ஆனால் எண்பது ஆண்டுகளுக்கு முன், "சாதாரண ஜனங்களுக்கு இவ்வளவு நல்ல ஒலி தேவையில்லை, கொடுத்தாலும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை" என்று ஆராய்ச்சி செய்தே சொன்னார்கள் என்றால் நம்புவீர்களா?

சொன்னது அமெரிக்காவில், 1945-ல். சி.பி.எஸ். வானொலி நிறுவனத்தின் பொறியாளர் ஹோவர்டு சின்னும், பிலிப் ஐசன்பெர்க் என்ற உளவியலாளரும் கேட்போரை உட்கார வைத்து ஒரே இசையைப் பல விதமாகப் போட்டுக் காட்டினார்கள். ஒன்றில் மேல் ஒலிகளும் அடி ஒலிகளும் வெட்டப்பட்டிருக்கும், ஒன்றில் பாதி வெட்டப்பட்டிருக்கும், ஒன்றில் எல்லாம் முழுசாக இருக்கும். பெரும்பாலோர் முழுசாக இருந்ததை ஒதுக்கிவிட்டு, வெட்டியதைத்தான் விரும்பினார்கள். செலவு பிடித்த கருவிகளை வாங்க மனமில்லாத எந்த நிர்வாகத்துக்கும் இப்படி ஒரு முடிவு வெல்லமாக இனிக்கும்.

வங்கியில் இருந்த காலத்தில் இந்த மாதிரி முடிவுகள் எனக்கும் பழக்கம். "அந்த வசதியை கஸ்டமர் யாரும் கேட்பதில்லை, அதனால் தேவையில்லை" என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வரும். அந்தக் கவுண்டரில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருப்பதால்தான் யாரும் வருவதில்லை என்பதைச் சுற்றறிக்கை எழுதியவர் பார்த்திருக்க மாட்டார். 1945 ஆய்வின் கதையும் ஏறக்குறைய அதுதான். அதை அவிழ்த்தவர்களில் முக்கியமான இருவர் வேறு வேறு நாட்டுக்காரர்கள். இருவருடைய வேலையும் 1947-லேயே வெளிவந்தது. அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது புத்தகக் கணக்கு. வயதாக ஆக மேல்பக்கம் குறையும், நம் போன்றவர்கள் அந்த இருபதாயிரத்தை நினைத்து ஏங்க வேண்டாம். பியானோவின் கடைசிக் கட்டை 4,186 ஹெர்ட்ஸ்தான். அப்படியானால் 5,000-க்கு மேல் வெட்டினால் என்ன நஷ்டம் என்று தோன்றும். நஷ்டம் சுருதியில் வராது, குரலின் அடையாளத்தில் வரும். ஒரே சுருதியில் வீணையும் வயலினும் ஒலித்தால் நாம் வேறுபாடு கண்டுபிடிப்பது பெருமளவு அந்தச் சுருதியின் மேல் அடுக்கடுக்காக எழும் மெல்லிய ஒலிகளை வைத்துத்தான். அவை 5,000-ஐத் தாண்டியும் போகும். டெலிபோன் கடத்துவது சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். அதனால்தான் டிரங்க் கால் காலத்தில் பெயரின் எழுத்துகளைச் சொல்லும்போது எஃப் எது எஸ் எது என்று தெரியாமல் கத்துவோம். அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் ஒலி டெலிபோன் கம்பி விடாத உயரத்தில் இருக்கிறது.

டெலிபோனைச் சும்மா இழுக்கவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயரை வளர்த்து ஆளாக்கியதே டெலிபோன்தான்.

வால்வு என்றால் நம் மொட்டை மாடி டேங்க் கேட் வால்வு போலத்தான். ஒரே பக்கமாக மின்சாரத்தைப் போகவிடுவதால் 1904-ல் ஜான் ஃபிளெமிங் என்ற ஆங்கிலேயர் தன் கண்ணாடிக் குமிழுக்கு அந்தப் பெயரை வைத்தார். காற்றை உறிஞ்சி எடுத்த குமிழுக்குள் ஒரு இழை சூடாகி எலெக்ட்ரான்களைக் கக்கும், எதிரே உள்ள தகடு அவற்றை இழுத்துக்கொள்ளும். 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பி வலையை வைத்தார். அந்த வலைக்குக் கொடுக்கும் சின்ன மின்னழுத்தம் பெரிய ஓட்டத்தை ஆட்டி வைத்தது. சுண்டு விரலால் குழாயைத் திருகி மொத்த டேங்க்கையும் அடக்குவது போல. ஆம்ப்ளிஃபயர் என்பதன் மொத்த ரகசியமும் இதுதான். டி ஃபாரஸ்டுக்கே தன் குமிழ் ஏன் வேலை செய்கிறது என்று சரியாகத் தெரியவில்லை. உள்ளே கொஞ்சம் வாயு இருக்க வேண்டும் என்று நினைத்தார். அமெரிக்க டெலிபோன் கம்பெனியின் ஹெரால்டு அர்னால்டு வாயுவை முழுக்க வெளியேற்றி, அதை நம்பகமான சாதனமாக மாற்றினார். 1913-ல் டெலிபோன் உரிமைக்கு அந்தக் கம்பெனி கொடுத்த விலை 50,000 டாலர். 1915 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பேச முடிந்தது.

தூரம் கூடக் கூட வழியில் நிறைய ஆம்ப்ளிஃபயர்கள் வேண்டும். ஒவ்வொன்றும் குரலைப் பெரிதாக்கும்போது கொஞ்சம் கெடுத்தும் விடும். இந்தக் கெடுதலைத்தான் திரிபு என்கிறார்கள். உள்ளே போகாத ஒலி ஒன்று வெளியே வருகிறது. அதிலும் மோசம், இரண்டு சுரங்கள் சேர்ந்து உள்ளே போனால், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மூன்றாவது நான்காவது ஒலிகள் பிறந்து வருகின்றன. ஒற்றைப் புல்லாங்குழல் சுமாராக ஒலிக்கும் கருவியில் முழு வாத்தியக் கோஷ்டி சேர்ந்தால் கரகரவென்று இரைச்சலாவது இதனால்தான். ஒரு ஆம்ப்ளிஃபயரில் கொஞ்சம் என்றால் நூறு ஆம்ப்ளிஃபயர் தாண்டியபின் என்னவாகும்?

இந்தத் தலைவலியை ஆறு வருடம் சுமந்தவர் பெல் ஆய்வகத்தின் ஹெரால்டு பிளாக். 1927 ஆகஸ்ட் 2 காலை, ஹட்சன் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போகும் படகில் நின்றுகொண்டிருந்தபோது விடை பளிச்சென்று தோன்றியது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் அச்சாகாத பக்கத்திலேயே படமும் சமன்பாடும் எழுதினார்.

அவர் கண்டது என்ன? நான் காமர்ஸ் படித்தவன், எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். மாலையில் கவுண்டர் மூடியதும் கையிலுள்ள பணத்தை டே புக்குடன் ஒத்துப் பார்ப்போம். இரண்டும் ஒத்தால் பேச்சில்லை. ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசம்தான் பிழை, அதைத் தேடித் திருத்த வேண்டும். பிளாக்கின் ஆம்ப்ளிஃபயரும் அதைத்தான் செய்கிறது. வெளியே போவதில் ஒரு சிறு பங்கை எடுத்து, தலைகீழாகப் புரட்டி, உள்ளே வருவதோடு சேர்த்துவிடுகிறது. ஆம்ப்ளிஃபயர் தானாகச் சேர்த்த பிழை, தலைகீழாகத் திரும்பி வந்து தன்னையே அழித்துக்கொள்கிறது. இதற்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். கொடுக்க வேண்டிய விலை, பெருக்கும் சக்தி. ஆயிரம் மடங்கு பெருக்கியது நூறு மடங்குதான் பெருக்கும், ஆனால் திரிபும் பத்தில் ஒன்றாகக் குறையும். சம்பாதித்ததில் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்தால் மீதி சுத்தமாக இருக்கும் என்கிற யோசனை அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. பேடண்ட் கிடைக்க ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிரிட்டிஷ் அலுவலகம் தன் விண்ணப்பத்தை எரிபொருள் இல்லாமல் ஓயாமல் ஓடும் இயந்திரம் ரகத்தில் வைத்தது என்று பிளாக்கே பின்னாளில் எழுதினார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, இந்தக் கதையின் முடிச்சும் அதுதான். திருத்தம் உடனே திரும்பி வர வேண்டும். எங்கள் காலத்தில் கிளைகளுக்கு இடையிலான கணக்கு ஒத்துப்பார்க்கும் வேலை ஒன்று இருந்தது. ஒரு கிளையின் அட்வைஸ் தபாலில் இன்னொரு கிளைக்கு வருவதற்குள் மாதம் மாறிவிடும். அங்கே ஏற்கெனவே சரிசெய்த என்ட்ரிக்கு இங்கே இன்னொரு திருத்தம் போட்டு, பிழை இரண்டாகும். ஆம்ப்ளிஃபயரிலும் அப்படியே. தாமதமாக வரும் திருத்தம், கழிப்பதற்குப் பதில் கூட்டிவிடும். கருவி ஊளையிடும். வால்வு ஆம்ப்ளிஃபயரில் அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி ஒளிந்திருக்கும் இடம், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் என்ற இரும்பு-செம்புக் கட்டி.

அதற்குள் வீட்டுப் பக்கம் என்ன நடந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1925-ல் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன: புனலுக்குள் பாடிய காலம் போய் மைக்கும் வால்வும் வைத்த மின்பதிவு, ரைஸ்-கெல்லாக் இருவரும் செய்து காட்டிய, இன்றுவரை நாம் பயன்படுத்தும் வகை கூம்பு ஸ்பீக்கர். 1926-ல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் டெல்லெகன் கண்டுபிடித்த பென்டோடு வால்வு ரேடியோவை மலிவாக்கியது. மலிவுக்கு விலை திரிபு. ஒற்றைப் பென்டோடு வைத்த ரேடியோவில் முழு சக்தியையும் எடுத்தால் திரிபு 10 சதவீதம் என்று தயாரிப்பாளரின் கையேட்டிலேயே போட்டிருக்கும். எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், வால்வு ரேடியோவில் டோன் குமிழை எல்லோரும் அடிப்பக்கமே திருகி வைத்திருப்பார்கள். அப்பாவைக் கேட்டால் "அப்படி வைத்தால்தான் காதுக்கு இதமாக இருக்கிறது" என்பார். மேல் ஒலியை வெட்டும்போது அதோடு சேர்ந்து திரிபின் கரகரப்பும் வெட்டுப்படுகிறது என்று யாருக்குத் தெரியும்?

இப்போது 1947-க்கு வரலாம். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தில் ஹாரி ஓல்சன் என்பவர் சின்-ஐசன்பெர்க் முடிவை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம் என்றார். ஒன்று, ரேடியோவையே கேட்டுக் கேட்டு வெட்டுப்பட்ட ஒலிதான் சரி என்று மக்கள் பழகிவிட்டார்கள். இரண்டு, வாத்தியங்களின் மேல் ஒலிகளே உண்மையில் அவ்வளவு இனிமையானவை அல்ல. மூன்று, கருவியின் திரிபு கேட்போரை விரட்டுகிறது. இதைப் பிரித்தறிய அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. மைக்கும் இல்லை, ஆம்ப்ளிஃபயரும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. ஒரு அறையில் சின்ன வாத்தியக் குழு நேரடியாக வாசிக்கிறது. அவர்களுக்கும் கேட்போருக்கும் நடுவில், பார்வையை மறைத்து ஒலியை விடும் திரை. திரைக்குப் பின்னால் தகடுகளால் ஆன ஒலி வடிகட்டி. மூடினால் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது நின்றுவிடும், திறந்தால் முழுசும் வரும். எப்போது மூடியிருக்கிறது, எப்போது திறந்திருக்கிறது என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

பெரும்பான்மையோர் முழு ஒலியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முதல் இரண்டு காரணங்களும் அடிபட்டுப் போயின. 1945-ல் மக்கள் வேண்டாம் என்று சொன்னது நல்ல ஒலியை அல்ல, நல்ல ஒலி என்ற பெயரில் கருவி கலந்து கொடுத்த கலப்படத்தை.

அப்படியானால் கலப்படமில்லாத கருவி வீட்டுக்கு வருமா? அதே ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் இரண்டு பகுதிகளாக ஒரு கட்டுரை வந்தது. (அந்தப் பத்திரிகை சாதாரணமானதல்ல. செயற்கைக்கோள் மூலம் உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று ஆர்தர் கிளார்க் 1945-ல் எழுதியதும் அதில்தான்.) எழுதியவர் டி.டி.என். வில்லியம்சன், ஸ்காட்லாந்துக்காரர், வயது 24. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பட்டம் முடிக்காமல் வெளியே வந்து, போர்க்காலத்தில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே ரெக்கார்டு முள் ஒன்றை வடிவமைத்துப் பார்க்க அவருக்குப் பழுதில்லாத ஆம்ப்ளிஃபயர் தேவைப்பட்டது. கடையில் இல்லை. 1944-ல் தானே செய்துகொண்டார்.

அவர் செய்ததில் புதிய வால்வு கிடையாது, புதிய தத்துவமும் கிடையாது. கே.டி.66 என்ற வால்வு இரண்டை மாறி மாறித் தள்ளும் ஜோடியாக வைத்தார். பிளாக்கின் பின்னூட்டத்தை ஸ்பீக்கர் முனையிலிருந்தே, அதாவது அந்த டிரான்ஸ்ஃபார்மரையும் சுற்றுக்குள் சேர்த்து, ஆரம்பம் வரை கொண்டுவந்தார். திரிபு பத்தில் ஒன்றாகும் அளவுக்குப் பின்னூட்டம். ஊளையிடாமல் இருக்க, காது கேட்கும் எல்லைக்கு மிகக் கீழேயும் மிக மேலேயும்கூட ஒழுங்காக நடந்துகொள்ளும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதை எத்தனை அடுக்காக, எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற விவரத்தையும் கட்டுரையிலேயே கொடுத்துவிட்டார். 15 வாட் முழுச் சக்தியிலும் திரிபு 0.1 சதவீதத்துக்கும் கீழே. ரேடியோ வால்வின் 10 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நூற்றில் ஒரு பங்கு.

ஹெரால்டு லீக் என்ற லண்டன்காரர் 1945-லேயே 0.1 சதவீத ஆம்ப்ளிஃபயரை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் எண்ணிக்கையில் முந்தியவர். ஆனால் லீக் விற்றது பெட்டி, வில்லியம்சன் கொடுத்தது செய்முறை. சாலிடரிங் கம்பி பிடிக்கத் தெரிந்தவர் எல்லோரும் கட்டிப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் தொடங்கி ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பரவியது. அமெரிக்காவில் ஹீத்கிட் கம்பெனி எல்லாப் பாகங்களையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றது. என் கருத்தில் 'ஹை-ஃபை' வீட்டுக்கு வந்தது அந்தப் பெரிய கம்பெனிகள் மனமிரங்கியதால் அல்ல. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரவெல்லாம் கம்பி சுற்றியவர்களால்.

நல்ல ஆம்ப்ளிஃபயருக்குத் தீனி போட நல்ல ரெக்கார்டும் வேண்டுமே. அதுவும் அதே சமயம் வந்தது. போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை, தன் நாட்டு நீர்மூழ்கிக் கப்பலின் சத்தத்தையும் ஜெர்மன் நீர்மூழ்கியின் சத்தத்தையும் வேறு பிரித்துக் கேட்கப் பயிற்சி ரெக்கார்டு கேட்டது. வித்தியாசம் இருந்தது மேல் ஒலிகளில். டெக்கா கம்பெனியின் ஆர்தர் ஹாடி 14,000 ஹெர்ட்ஸ் வரை பதியும் முறையை உருவாக்கினார். போர் முடிந்ததும் அதே கருவியின் முன்னால் இசைக்குழு உட்கார்ந்தது. 1948 ஜூனில் கொலம்பியா கம்பெனி எல்.பி. ரெக்கார்டை அறிமுகப்படுத்தியது. அரக்குத் தட்டின் இரைச்சல் போய், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் வினைல்.

1954 நவம்பர் 1 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். சுமார் 2,900 பேர் உட்காரும் அரங்கம், டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. பாட வந்தது ஸ்பீக்கர். வார்ஃபடேல் ஸ்பீக்கர் கம்பெனியைத் தன் வீட்டு நிலவறையில் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ், மேடையில் கலைஞர்களை நேரடியாக வாசிக்க வைத்து, அடுத்து ரெக்கார்டு போட்டு, மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். பின்னால் இருந்தது பீட்டர் வாக்கரின் குவாட் வால்வு ஆம்ப்ளிஃபயர், ஒன்றுக்கு 15 வாட். இன்று பிறந்தநாள் விழாவுக்கு நம் கிளப் ஹவுஸில் வைக்கும் ஸ்பீக்கரில் எத்தனை வாட் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அதன்பின் வேகம் பிடித்தது. 1951-ல் அமெரிக்காவில் ஹாஃப்லரும் கெரோஸும் டிரான்ஸ்ஃபார்மரில் கூடுதலாக ஒரு இணைப்பு எடுத்து அதே வால்வுகளிலிருந்து அதிகச் சக்தி கறந்தார்கள். அந்த யோசனை ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயரின் 1937 பேடண்டிலேயே இருந்தது. ஸ்டீரியோவை 1931-லேயே எழுதி வைத்தவரும் அவர்தான். 1942-ல் ரேடார் சோதனை விமானம் விழுந்து 38 வயதில் இறந்தார். ஸ்டீரியோ எல்.பி. கடைக்கு வந்தது 1958-ல். ஹாஃப்லரின் டைனாகோ கம்பெனி 1959-ல் கொண்டுவந்த ஸ்டீரியோ 70 என்ற கட்டமைப்புப் பெட்டியின் விலை 99.95 டாலர். மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. இங்கிலாந்தின் முல்லார்டு கம்பெனி 1954-ல் 'ஐந்து வால்வு, பத்து வாட்' என்ற எளிய ஆம்ப்ளிஃபயர் வரைபடத்தை வெளியிட்டது. அதில் பலம் தரும் வால்வு ஈ.எல்.84. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960-களில் ஃபிலிப்ஸ் கூட்டுறவோடு ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கியபோது அந்த ஈ.எல்.84-ம் அங்கே தயாரானது. இன்றும் வெளிநாட்டு ரசிகர்கள் அந்தப் பெங்களூரு வால்வைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள்.

வால்வை வீட்டைவிட்டு அனுப்பிய டிரான்சிஸ்டரும் பிறந்தது 1947 டிசம்பரில்தான், பிளாக்கின் அதே பெல் ஆய்வகத்தில். 1960-களில் அது ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்தது. சூடு குறைவு, அந்தக் கனத்த டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டியதில்லை. முதலில் வந்த டிரான்சிஸ்டர் பெட்டிகள் முழுச் சக்தியில் அளந்தால் அருமையான எண்ணிக்கை காட்டின, ஆனால் வீட்டில் மெதுவாக வைத்துக் கேட்கும்போதுதான் அவற்றின் திரிபு உறுத்தியது. அது தீர ஆண்டுகள் பிடித்தன. வில்லியம்சன் அதற்குள் ஒலியை விட்டுவிட்டுக் கணினி ஓட்டும் உற்பத்தி இயந்திரங்கள் பக்கம் போய்விட்டார். சிகரெட் இயந்திரம் செய்யும் கம்பெனிக்காக அவர் வடிவமைத்த 'சிஸ்டம் 24' பொறியியல் பாடங்களில் வருகிறது. பட்டம் முடிக்காதவரை 1968-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு யாராவது பரணிலிருந்து தாத்தாவின் வால்வு ரேடியோவை இறக்கினால் ஒரு வேண்டுகோள். நேராகப் பிளக்கில் செருகிவிடாதீர்கள். பல ஆண்டுகள் சும்மா இருந்ததில் உள்ளே உள்ள கண்டென்சர்கள் காய்ந்து கெட்டிருக்கும், போட்டதும் புகைந்து டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்துவிடும். உள்ளே 250 வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் வகை செட்களில் இரும்புச் சட்டமே ஷாக் அடிக்கலாம். பழைய செட் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி, கண்டென்சர்களை மாற்றி, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பாடத் தொடங்கியதும் டோன் குமிழை ஒரு முறை மேல்பக்கம் திருகிக் கேட்டுப் பாருங்கள்.